தப்பு அடித்தால் ஸ்பீக்கர் என்ன செய்யும்?

விலை உயர்ந்த ஒலிக்கருவிகள் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் ஒரு பெண் குரலைத்தான் போட்டுக் காட்டுவார். கூடவே ஒரு கிட்டார், கொஞ்சம் பியானோ. "கண்ணை மூடுங்க, பாடகி உங்க முன்னாலேயே நிக்கிறா பாருங்க" என்பார். நிற்கத்தான் செய்கிறார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மெல்லிய குரலும் கிட்டாரும் இன்றைய நல்ல ஸ்பீக்கர் எதற்கும் லேசான பரீட்சை. நான் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, "இதில தப்பு இருக்கு, போடலாமா?" என்று கேட்பேன். அவர் முகம் கொஞ்சம் மாறும்.

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலையகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தப்பு, பறைக்கு நெருங்கிய சொந்தம். ஒரு மரவளையம், அதில் இழுத்து ஒட்டிய தோல், குட்டையாக ஒன்றும் மெல்லிசாக நீளமாக ஒன்றும் இரண்டு குச்சிகள். ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, எழுப்பியது இந்தச் சத்தம்தான். சாவு வீட்டுக்கும் இதுதான், மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கும் இதுதான். மைக் கிடையாது. காற்று ஒத்துழைத்தால் பள்ளத்தாக்கைத் தாண்டி தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்கே, அடுத்த பிரிவுக்கே, கேட்கும்.

இன்றைய உயர்ரக ஸ்பீக்கர்கள் நேரடி இசை போல இயல்பாக ஒலிக்கின்றனவா என்ற கேள்விக்கு என் பதில் தப்பிலிருந்துதான் தொடங்குகிறது. குரல், வீணை, வயலின் என்றால் ஏறக்குறைய ஆமாம். தப்பு, தவில், நாதஸ்வரம் என்றால் இல்லை. பணம் போதாததால் வரும் 'இல்லை' அல்ல இது. இரண்டு மடங்கு பணம் கொடுத்தாலும் பெரும்பாலும் அதே 'இல்லை'தான்.

முதலில், எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஹரி பியர்சன் என்ற அமெரிக்கர் 1973இல் 'தி அப்சலூட் சவுண்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது ஓர் அளவுகோலை வைத்தார்: ஒலிபெருக்கி இல்லாமல், உண்மையான ஓர் இடத்தில் வாசிக்கப்படும் இசை. அதற்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு நல்ல கருவி. அவருக்கு சிம்பொனி மண்டபங்கள் இருந்தன. நமக்கு? நம் ஊரில் 'நேரடி இசை' என்று சொல்வதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கரைக் கடந்து வந்ததுதான். கல்யாண மண்டபத்தில் மைக். சபாக் கச்சேரியில் மைக். கோயில் திருவிழா என்றால் மரத்தில் கட்டிய ஹோர்ன், அதுவும் மலையைப் பார்த்துத் திருப்பி வைத்தது. அந்த ஹோர்னில் தாழ்ந்த ஒலி 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக இல்லை, உயர்ந்த ஒலி 5 அல்லது 6 ஆயிரத்துக்கு மேல் இல்லை. அதில் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது எனக்கும் உண்டு. இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்ட தலைமுறைக்கும் ஏறக்குறைய 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் எட்டியிருக்காது. ஆனாலும் பாடகரின் குரல் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் ஒட்டிக்கொண்டது அதுதான். பின்னாளில் அதே பாட்டைச் சீடியில் கேட்டுவிட்டு "ஏதோ மெல்லிசா இருக்கே" என்று குறைப்பட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும்.

சினிமாப் பாட்டை வைத்து இயல்பைச் சோதிக்கவே முடியாது. பாடகர் ஒரு நாள் சின்ன அறையில் மைக்குக்கு அரையடி தூரத்தில் நின்று பாடுகிறார். வயலின்கள் வேறு நாள், வேறு நகரம். மண்டபத்தின் எதிரொலியைக் கணினி சேர்க்கிறது. அந்தப் பாட்டு எந்த இடத்திலும், எந்தப் பொழுதிலும் அப்படி நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றுக்கு நிகராக இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

ஆக, மலையகத்தில் எனக்கு மிஞ்சிய அளவுகோல்கள் சில. மார்கழி பஜனை, தேவாலயப் பாடகர் குழு, தேரோடு வீதி சுற்றும் நாதஸ்வரமும் தவிலும், அப்புறம் தப்பு. இதை ஒரு பாக்கியம் என்றே நினைக்கிறேன். கொழும்பில் அடுக்குமாடியில் இருக்கும் என் நண்பர்கள் பலருக்கு இது வருடத்துக்கு ஒரு தடவைகூடக் காதில் விழுவதில்லை.

கருவியையும் நேரடி இசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை புதிதல்ல. எடிசன் கம்பெனி 1915 முதல் 1925 வரை ஊர் ஊராக ஒரு சோதனை நடத்தியது. மேடையில் ஒரு பாடகர், பக்கத்தில் எடிசனின் இசைத்தட்டு இயந்திரம். இருவரும் மாறி மாறிப் பாடுவார்கள், நடுவில் விளக்கு அணையும், எது எது என்று சபைக்குத் தெரியவில்லை என்று மறுநாள் பேப்பரில் வரும். மின்சார மைக்கே இல்லாமல், புனல் வழியாகப் பதிந்த ஒலி அது! இன்று அதைக் கேட்டால் தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது. அந்தச் சோதனைகளில் பாடிய ஆனா கேஸ் என்ற பாடகி, இயந்திரத்தின் குரலுக்குப் பொருந்தும்படி தன் குரலை மாற்றிக்கொண்டு பாடியதாகப் பல வருடம் கழித்துச் சொன்னார். இயந்திரம் மனிதரைப் போலப் பாடவில்லை, மனிதர் இயந்திரத்தைப் போலப் பாடியிருக்கிறார்.

1954இல் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோலில் வார்ஃப்டேல் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸ் இதேபோல ஒரு நிகழ்ச்சி நடத்தினார், சபை நிறைந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஏ.ஆர். என்று அழைக்கப்பட்ட அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 'ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவை மேடையேற்றியது. நடுவில் அவர்கள் வில்லை ஓட்டுவது போல நடிப்பார்கள், ஸ்பீக்கர் தொடரும், மாறிய இடம் தேர்ந்த காதுகளுக்கும் பிடிபடவில்லை. இது எடிசன் சோதனையைவிட நம்பத்தக்கது. ஆனால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள்: நாலு தந்தி வாத்தியம். ஒரு பெரிய முரசையும் வைத்துக் காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேலை இருந்திருக்காது.

சரி, கண்டிக்கு வருவோம். அங்கே என் நண்பர் ஒருவர் தன் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரு ஜோடி ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் போட்டிருக்கிறார். ரூபாய் விழுவதற்கு முன்னால், அதாவது 2022க்கு முன்னால் வாங்கியது என்பதால் இன்று அதன் விலையைச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வருகிறது. கருவி அருமையானது, மிகையில்லை. அவர் வீட்டில் வீணை கேட்டால் மெட்டில் விரல் உரசுவது கேட்கும்.

அவருக்காகவே காமன் கூத்து இரவொன்றில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தப்பைப் பதிந்து வந்தேன். கையடக்க ரெக்கோர்டர் ஒன்றை முக்காலியில் வைத்து, கூட்டம் உட்கார்ந்திருக்கும் தூரத்திலேயே நிறுத்தினேன். எந்த இடத்திலும் ஒலியை அமுக்கவில்லை, பிறகு கணினியில் தொடவும் இல்லை. மாசிப் பனியில் தோல் நீரை இழுத்துத் தொய்ந்துவிடும். அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் வைக்கோல் கொளுத்தி, தப்பைச் சூடு காட்டி எடுப்பார்கள். ஈரம் போனதும் தோல் இறுகி, சத்தம் 'கணீர்' என்று மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும். ஒரே தப்புக்கு ஓர் இரவில் எத்தனையோ குரல். நாதஸ்வரத்துக்கும் இந்தப் பாடு உண்டு. யாழ்ப்பாண வெயிலில் 30 பாகையில் சேர்த்த சுருதி நுவரெலியாவின் 10 பாகைக் குளிரில் இறங்கத்தான் செய்யும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாக ஓடுவதுதான் காரணம். ஊதுகிறவரின் மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடுகட்டும், முழுவதையும் அல்ல.

பதிவை நண்பர் வீட்டில் போட்டோம். தப்பின் குரல் சரியாகவே இருந்தது. குட்டைக் குச்சி விழுவதும் நீளக் குச்சி உரசுவதும் தனித்தனியாகக் கேட்டன. நெருப்பு வெடிப்பது கேட்டது, ஒரு குழந்தையின் இருமல் கேட்டது. ஆனால் அது எங்கோ ஜன்னலுக்கு அப்பால் நடக்கிற கூத்து. வயிற்றில் விழவில்லை. கூட்டலாமே என்று கூட்டினோம். கூட்டக் கூட்டப் பேச்சுச் சத்தமும் இருமலும் பெரிதாயின. தப்படி மட்டும் ஓர் எல்லைக்கு மேல் வளராமல் தட்டையாகிக் கரகரத்தது. நண்பர் எழுந்து போய்க் குறைத்துவிட்டார். ஸ்பீக்கர் அவருடையது, அவர் கவலை நியாயமானது.

ஏன் இப்படி என்பது எளிய கணக்கு. வீட்டு ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 86 டெசிபல் வரும். இன்னும் 10 டெசிபல் கூட வேண்டும் என்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 96க்கு 10 வாட், 106க்கு 100 வாட், 116க்கு 1000 வாட். குச்சியால் ஓங்கி அடிக்கும் தோல் வாத்தியம் பக்கத்தில் நின்றால் கணநேர உச்சத்தில் 110 டெசிபலைத் தாண்டுவது அபூர்வமில்லை. நாம் உட்காருவதோ ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, அங்கே இன்னும் குறையும். 1000 வாட் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர் கிடைக்கும். ஆனால் அந்த அடியைத் தாங்க ஸ்பீக்கரின் கூம்புக்கும் சுருளுக்கும் உடம்பு வேண்டும். சுருள் சூடேறினால் அதன் மின்தடை கூடி, கொடுத்த வாட்டுக்குரிய சத்தம் வராது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் ஒலிப்பதிவுக் கூடத்தில் உச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். காரிலும் போனிலும் கேட்பவருக்கு அது வசதி. சீடி 1982இல் வந்தபோதே மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளியைக் கொடுத்தது. அந்த இடத்தை முழுசாகப் பயன்படுத்துகிற தமிழ் இசைப்பதிவு ஒன்றையாவது யாராவது காட்டினால் நன்றியோடு கேட்பேன்.

அடுத்தது திசை. நாதஸ்வரக்காரர் ஓரிடத்தில் சிலை மாதிரி நின்று ஊதுவதில்லை. குழலைத் தூக்குவார், தவில்காரர் பக்கம் திருப்புவார், சாமியைப் பார்த்து வணங்கி இறக்குவார். சில ஸ்வரங்கள் அணசு எனும் அடிவாய் வழியாக அதிகம் வரும், சில துளைகள் வழியாக. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒலி சுவரிலும் கூரையிலும் வேறு வேறு மாதிரிப் பட்டுத் திரும்பும். மைக் இந்த உருண்டை முழுவதையும் ஒரு புள்ளியில் பிடிக்கிறது. ஸ்பீக்கர் அதைப் பெரும்பாலும் முன்பக்கமாக, அதிலும் உயர்ந்த ஒலிகளை ஒரு கற்றையாக, அனுப்புகிறது. பக்கத்து அறையில் நின்று கேட்டாலே ஆள் வாசிக்கிறாரா பெட்டி பாடுகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். எவ்வளவு விலை கொடுத்த பெட்டியானாலும் சரி, கதவுக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கம்பி, டிஏசி (டிஜிட்டல் பதிவை மின்னலையாக மாற்றும் கருவி), ஆம்ப்ளிஃபையர் பக்கம் குற்றம் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீடியைவிட உயர்தரமான எஸ்ஏசிடி (சூப்பர் ஓடியோ சீடி) ஒலியை நேராகவும், அதையே சாதாரணச் சீடித் தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டு எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். ஓரளவு நல்ல மின்னணுக் கருவி எதுவும் இன்று காதுக்குத் தடையில்லை. கம்பிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தவர்கள் என்னோடு கோபித்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கரும் அறையும் வேறு விஷயம். கனடாவில் ஃப்ளாய்ட் டூல் பல வருடம் திரை மறைவில் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்போரிடம் மதிப்பெண் வாங்கினார். விலையும் பெயரும் தெரியாதபோது, நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கிற பெட்டியையே பெரும்பாலோர் விரும்பினார்கள். அவர் சுட்டிய ஒரு சிக்கல் முக்கியமானது. ஒலிப்பதிவாளர் தன் அறையில் உள்ள ஸ்பீக்கரைக் கேட்டுப் பதிவைச் சரிசெய்கிறார். நாம் அந்தப் பதிவைக் கேட்டு நம் ஸ்பீக்கரைத் தீர்ப்பளிக்கிறோம். இரண்டுக்கும் பொதுவான அளவு ஒன்றும் இல்லை. பதிவு கூர்மையா, பெட்டி கூர்மையா என்று யார் சொல்வது? நண்பரும் நானும் முக்கால்வாசி நேரம் சண்டை போட்டது இந்த வட்டத்துக்குள்தான். அவர் பதிவைக் குறை சொல்வார், நான் பெட்டியை.

மலையக வீடு இதற்குச் சேர்க்கும் கைங்கரியம் தனி. சிமெந்துத் தரை, வெறும் சுவர், மேலே தகரம். கை தட்டினால் அறை பதில் சொல்லும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் தகரக் கூரையின் கீழ் இசையின் மெல்லிய பாதியை மழை தின்றுவிடும். அந்த மாதங்களில் உயர்ரக ஒலி பற்றி இங்கே பேசுவதே வெட்டிப்பேச்சு. எல்லாரும் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

வட்டத்தை உடைத்தது மாமா. அவர் தோட்டப் பக்கம் சவுண்ட் சர்விஸ் நடத்துகிறவர். அவருடைய பெரிய பெட்டிகள் பார்க்கவும் முரடு, கேட்கவும் முரடு. குரல் மூக்கால் வரும், தாளச் சத்தம் காதைக் கீறும். ஆனால் 1 வாட்டுக்கு 100 டெசிபல் தரும் வகை அவை. 116க்கு 40 வாட் போதும். ஒரு ஞாயிறு மத்தியானம், அது ஆடி மாதம், லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முன்னால் உள்ள மைதானத்தில் பெட்டிகளைச் சோதிக்க இறக்கி வைத்திருந்தார். அந்தப் பதிவையே போடச் சொன்னேன்.

இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு பாட்டி வெளியே வந்து, "ஆடி மாசத்துல எவன்டா காமன் ஊன்றது?" என்று கத்தினார். பின்னாலேயே பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கீழ் லயத்திலிருந்து ஒருவர் போன் எடுத்து விசாரித்தார். அடியை வைத்தே அது சாவுத் தப்பு இல்லை, காமன் தப்பு என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது. யார் அடிக்கிறார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வந்தார். பெட்டியைப் பார்த்ததும் "அட, இவன்தானா" என்று மாமாவைத் திட்டிவிட்டுப் போனார். எடிசன் கம்பெனி விளக்கை அணைத்துச் செய்ததை மாமா பட்டப்பகலில், யாரையும் கேட்காமல் செய்துவிட்டார். கண்டி வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் தெருவில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

அன்று அந்தப் பக்கம் கூத்து வாத்தியாரும் வந்திருந்தார், பதிவில் அடிப்பவர் அவரே. பெரிய பெட்டியில் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டவர், "தம்பி, இந்த எடத்துல தோலு காயல. நான் அவசரப்பட்டு எடுத்துட்டேன். பாருங்க, சத்தம் மொத்தையா விழுது" என்றார். நான் மறுபடி மறுபடி கேட்டும் எனக்குப் பிடிபடாதது அது. பெரிய பெட்டியில் அவருக்கும் பிடிபடவில்லை.

ஆக, இயல்பு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நண்பரின் ஸ்பீக்கரும் என் ஹெட்போனும் வாத்தியத்தின் குணத்தைச் சொல்கின்றன: தோல், குச்சி, ஈரம், கை. மாமாவின் பெட்டி அதன் பலத்தைச் சொல்கிறது. உயர்ரகக் கருவி செய்பவர்கள் கடந்த ஐம்பது வருடத்தில் முதலாவதை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். இரண்டாவதில் பெரும்பாலானவர்கள் கை வைப்பதில்லை. வைத்தால் பெட்டி பெரிதாகும், வரவேற்பறையில் அழகாக நிற்காது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஹோர்ன் வகையில் இரண்டையும் சேர்க்க முயல்பவர்கள் சிலர் உண்டு. அவற்றின் விலை நம் கணக்கில் வராது.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் குணத்தைத்தான் எடுப்பேன், வீட்டுக்குள் அதுவே போதும். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1975இலேயே மறைந்துவிட்டார். அவர் வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பவை இரைச்சலும் தேய்மானமும் நிறைந்த பழைய நாடாப் பதிவுகள். எந்த உயர்ரகக் கருவியும் அவற்றைத் தவில் மேடைக்கு முன் உட்கார்ந்த அனுபவமாக மாற்றப்போவதில்லை. ஆனால் நல்ல ஸ்பீக்கரில் அந்த இரைச்சலுக்குப் பின்னால் இடக்கைக் கழியும் வலக்கை விரல்களும் பேசிக்கொள்வது பிரிந்து கேட்கிறது. வேகத்தில் ஒரு சொல்கூட மங்குவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நண்பர் செய்த செலவை நான் கிண்டல் செய்வதை நிறுத்தினேன்.

என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு. மிச்சத்தில் ஒரு பங்கு அறைக்கு: தடித்த திரைச்சீலை, தரைக்கு ஜமுக்காளம், சுவரோரம் புத்தக அலமாரி. ஆம்ப்ளிஃபையர் சாதாரணமானது போதும், ஆனால் வாட் தாராளமாக இருக்கட்டும். கம்பி ஹார்ட்வெயார் கடையில் வாங்குங்கள். மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டத்துக்கு ஒரு தரம் போய் வந்துவிட்டுக் கடைக்குப் போனால் இன்னும் நல்லது, விற்பவர் சொல்வதில் பாதியை அப்போது கேட்க வேண்டியிருக்காது.

நண்பருக்கு ஆசை விடவில்லை. மாமாவின் பெட்டியில் ஒரு ஜோடியைக் கண்டி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும் என்று போன வாரம் கேட்டார். டேப் வைத்து அளந்து பார்த்தேன். முன் கதவுக்குள் போகாது.